பொன்னையா மகன் ஆறுமுகநயினார் ஆஜர்

செத்துப்போய் நாற்பத்தியோரு நாளான ஆறுமுகநயினார் சாத்தங்கிணறு முன்சீப் கோர்ட்டில் முதன்முதலாக ஆஜரானது ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, கரண்ட் போய் மின்விசிறிகள் ஓய்ந்து, வக்கீல்கள் கேஸ் கட்டுகளை எடுத்து விசிறிக்கொண்டிருந்த பதினொன்றரை மணிக்கு. டவாலி சவரிமுத்து இருபத்தாறு வருடமாகச் செய்துவருவதைப் போலவே வாசற்படியில் நின்று, வராந்தாவையும் அதைத் தாண்டிய வேப்பமரத்தையும் அதையும் தாண்டிய சைக்கிள் ஸ்டாண்டையும் பார்த்து, "பொன்னையா மகன் ஆறுமுகநயினார்" என்று மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறை கூப்பிட்டும் வராதவரை வராதவர் என்று எழுதிவிட்டு அடுத்த கட்டை எடுப்பது கோர்ட்டின் வழக்கம். மூன்றாவது கூப்பாடு முடிவதற்குள் அவர் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கமிருந்து வந்துவிட்டார்.

கோடி வேட்டி கட்டியிருந்தார். நெற்றி நிறைய திருநீறு இருந்தது. கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணியின் ஒரு நுனி மட்டும் அவிழாமல், வலது காலோடு இழுபட்டு வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்காகக் காலை உதறினார், செருப்பு இல்லை என்று கண்டு ஒரு நொடி நின்றார், பிறகு உள்ளே போய்ப் பிரதிவாதிகள் நிற்கிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓய்வை எதிர்பார்த்துக்கொண்டிருந்த நீதிபதி கட்டைப் புரட்டிப் பார்த்தார். பிரதிவாதி இறந்துவிட்டார் என்று கட்டில் ஒரு தாளும் இல்லை. கட்டில் இல்லாத சங்கதி கோர்ட்டுக்குத் தெரியாது. ஆகவே அவர் "பிரதிவாதி ஆஜர், வாய்தா ஜூன் பதினெட்டு" என்று எழுதிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். ஆறுமுகநயினார் வந்த வழியே போனார். சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி மதில் திரும்புகிற இடம் வரை அவரைப் பார்த்தவர்கள் உண்டு. அதற்கப்பால் பார்த்தவர் இல்லை. ஸ்டாண்டுக்காரரிடம் கேட்டதற்கு, "டோக்கன் போடாதவங்கள நான் கவனிக்கறதில்ல" என்றார்.

தப்பு நடந்தது ஒரு சட்டைப் பையில். வழக்கில் ஒருவர் இறந்தால் அவருடைய வக்கீல் அதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு அந்தப் பெயரை அடித்துவிட்டு வாரிசுகளைச் சேர்ப்பார்கள். ஆறுமுகநயினாருக்கான தாளை அவருடைய வக்கீலின் குமாஸ்தா கோமதிநாயகம் முறையாக டைப் அடித்து, முறையாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சட்டை சலவைக்குப் போய், மறுபடி கஞ்சி போட்டு விறைப்பாக வந்தபோது, பையில் ஒரு வெள்ளை உருண்டை இருந்தது. பெயர் அடிக்கப்படாததால் டவாலி கூப்பிட்டார், கூப்பிட்டதால் அவர் வந்தார். இதற்கு மேல் காரணம் தேட சாத்தங்கிணற்றில் ஆளில்லை. அந்த ஊரில் கோர்ட் கூப்பிட்டுப் போகாமல் இருந்தவன் எவனும் நன்றாக இருந்ததில்லை, செத்தவனுக்கும் அந்தப் பயம் இருக்கும்தானே என்றார்கள்.

மறுநாள் காலையே கோமதிநாயகம் இன்னொரு தாளை மெஷினில் செருகியபோது ஆறுமுகநயினாரின் மனைவி சொர்ணம் வந்து டைப்ரைட்டரின் மேல் கையை வைத்தாள்.

"அந்தத் தாள மட்டும் திரும்ப அடிச்சிராதிய அண்ணாச்சி. நேத்து அவுக வந்தாவளாமே. அடுத்த வாய்தாவுக்கு நானும் ஒரு மட்டம் பாத்துக்கிடுதேன்."

கோமதிநாயகம் முப்பது வருடத்தில் பல கட்சிக்காரர்கள் அழுது பார்த்தவர். ஆனால் வாய்தா கேட்டு அழுத ஒருத்தியை அன்றுதான் பார்த்தார். தாளை உருவிவிட்டார்.

அதுவரை அந்தக் கோர்ட்டைப் பற்றி ஊருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வராந்தாவில் ஒரு நீலத் தகரப் பெட்டி தொங்கும், அதன் மேல் 'பொதுமக்கள் கருத்து' என்று எழுதியிருக்கும். மூன்று மாதத்துக்கொரு முறை அதைத் திறந்து, உள்ளே கிடக்கும் சீட்டுகளை ஒரு கோப்பில் கோத்துப் பீரோவில் வைப்பார்கள். 'கக்கூஸ் பூட்டியே கிடக்கிறது, சாவி யாரிடம்?' என்று ஒரு சீட்டு. 'பெஞ்சில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது, இதோடு மூன்று வேட்டி' என்று ஒன்று. 'வழக்குப் போட்ட அன்று என் மகள் தொட்டிலில் கிடந்தாள். இப்போது அவளே வக்கீலுக்குப் படிக்கிறாள், கட்டை அவளிடம் கொடுத்துவிடலாமா?' என்று ஒன்று. பெயர் போடாத ஒருவர் மட்டும் மூன்று மாதத்துக்கொரு முறை ஒரே வாசகத்தை எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார்: 'தோற்றாலும் பரவாயில்லை, முடித்துவிடுங்கள்.'

ஜூன் பதினெட்டில் ஆறுமுகநயினார் மறுபடியும் வந்தார், சொர்ணமும் வந்து பார்த்தாள், ஊர் பாதி வந்து பார்த்தது. அதற்குப் பிறகு சாத்தங்கிணற்றில் குமாஸ்தாக்களின் ஞாபகசக்தி அடியோடு கெட்டுப்போனது. எவரும் எவருடைய சாவையும் எழுதிக் கொடுக்கவில்லை. ஏற்கனவே கொடுத்த தாள்கள் சில கட்டுகளிலிருந்து காணாமல் போயின. தீபாவளிக்குள் பதினொரு பேர் வந்து போகத் தொடங்கினார்கள். வரப்புத் தகராறில் ஒரு பெரியவர் வந்தார், வண்டிப்பாதை வழக்கில் தலைமுடி உலராத ஒரு அம்மாள் வந்தாள், கிணற்று வழக்கில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் செத்தவர்களாகவே வந்து, உயிரோடிருந்தபோது நின்ற மாதிரியே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கோர்ட் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள். வராந்தாவில் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டு பேச்சுக் கொடுத்தால் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதிரசம் கொண்டுவந்து நீட்டினால் வாங்கவில்லை, ஆனால் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்கள். தீர்ப்பு ஆனவர்கள் மட்டும் திரும்ப வரவில்லை. வண்டிப்பாதை வழக்கு முடிந்த அன்று அந்த அம்மாள் போனதுதான், அவளுடைய மகன் வழக்கில் ஜெயித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுததை எல்லோரும் பார்த்தார்கள்.

அப்புறம் தகரப் பெட்டியின் குரல் மாறிப்போனது. 'எங்கள் அப்பா நின்றுகொண்டே இருக்கிறார், உயிரோடு இருக்கும்போதே மூட்டுவலி, ஒரு நாற்காலி போட்டால் புண்ணியம்.' 'வாய்தா மூன்று மாதம் என்பது நீளம், மாதம் ஒன்றாக்கவும்.' 'முடித்துவிடாதீர்கள்.' கக்கூஸ் பற்றிய சீட்டு மட்டும் எழுத்து மாறாமல் வந்துகொண்டிருந்தது. வழக்கில்லாத குடும்பங்களைப் பார்த்து ஊர் பரிதாபப்பட்டது. விட்டுக்கொடுத்து, பெரிய மனிதர்களை வைத்துப் பேசி, சமாதானமாகப் பாகம் பிரித்துக்கொண்டவர்கள், தாங்கள் செய்த மடத்தனத்தை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் முன்ஜாக்கிரதையாக இருந்தார்கள். டீக்கடையில் ஒருத்தி தன் புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "இவுகளுக்கு சுகர் முந்நூறு நிக்கி. அதான் ஆட்டுக்கல்லு யாருக்குன்னு ஆளுக்கொரு கேஸ் போட்டு வச்சிருக்கோம்" என்றாள். அவனும் பெருமையாகத் தலையாட்டிவிட்டு அவளுக்குப் பாதி வடையைப் பிய்த்துக் கொடுத்தான்.

இத்தனைக்கும் முதல் காரணமான வழக்கைப் போட்டவள் உலகம்மாள். அவள் ஆறுமுகநயினாரின் அக்காள். அப்பா பொன்னையா விட்டுப்போன கீழத்தெரு ஓட்டு வீட்டில் பாதி தனக்கு வர வேண்டும் என்று பதினேழு வருடத்துக்கு முன்னால் வழக்குப் போட்டிருந்தாள். தம்பி மகள் சடங்குக்குத் தாய்மாமன் வீட்டாரை முன்னே உட்காரவைத்து அத்தையைப் பின்னே தள்ளிவிட்டார்கள் என்கிற கோபத்தில் போட்ட வழக்கு அது. கோபம் அடுத்த பொங்கலுக்குள் ஆறியிருக்கும், வழக்கையும் வாபஸ் வாங்கியிருப்பாள். அதற்குள் தம்பியின் பதில் மனு வந்து சேர்ந்தது.

பதில் மனு எழுதுவதில் சாத்தங்கிணற்று வக்கீல்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிராளி சொன்னதை ஒன்று விடாமல் வரிசையாக மறுத்துவிடுவார்கள். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று எதிராளி எழுதினால், அதை அவரே நிரூபிக்கட்டும் என்பார்கள். அந்தப் பழக்கத்தில், 'வாதி மேற்படி பொன்னையாவின் மகள் என்பதை இந்தப் பிரதிவாதி ஒப்புக்கொள்ளவில்லை, அதை வாதியே தக்க ஆதாரங்களுடன் நிரூபிக்கக் கடமைப்பட்டவர்' என்று கோமதிநாயகம் டைப் அடித்தார். அடியில் ஆறுமுகநயினார் கையெழுத்துப் போட்டிருந்தார். படித்துவிட்டுப் போட்டாரா, படிக்காமல் போட்டாரா என்று எவருக்கும் தெரியாது. உலகம்மாள் அந்த ஒரு வரியைத் தன் வக்கீல் ஜெபராஜை நான்கு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "இது எல்லா மனுவுலயும் போடறதுதாம்மா, மனசுல வச்சுக்காதீங்க" என்று அவர் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து வீடு அவளுக்கு ஒரு பொருட்டாக இல்லை. கோர்ட்டில் அவளைக் கூப்பிடுவதும் 'மாடசாமி மனைவி உலகம்மாள்' என்றுதான். மாடசாமியும் செத்து ஆறு வருடமாகிறது. அவர் பெயரில் வழக்கு எதுவும் இல்லாததால் அவர் வருவதில்லை, வராததில் அவளுக்குப் பெரிய குறையும் இல்லை. பொன்னையா மகள் என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் தம்பிதான். அவன் இல்லையென்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

அவன் செத்த அன்று அவள் தெருமுனை வரை போனாள். உறவில்லை என்று எழுதிக் கொடுத்தவன் வீட்டு இழவுக்கு எந்த முறையில் போய் அழுவது என்று தெரியாமல், கொஞ்ச நேரம் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

ஆகவே செத்தவன் வந்து நின்றபோது, மற்றவர்கள் பார்த்த மாதிரி அவள் பார்க்கவில்லை. ஒரு வரி பாக்கியிருந்தது. அதைக் கேட்க வேண்டும். இரண்டு வருடத்தில் ஒன்பது வாய்தாவுக்கு அவன் வந்தான். ஒன்பது தடவையும் அவள் வராந்தாவில் அவன் எதிரே போய் நின்று, "நயினாரு, நான் யாருல உனக்கு?" என்று கேட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்ப்பான், பிறகு தன் கால் விரலில் தொங்கும் துணியைப் பார்ப்பான். பெஞ்சின் ஒரு நுனியில் சொர்ணமும் மறுநுனியில் உலகம்மாளும் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் அந்த ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

மூன்றாம் வருடம் அக்டோபரில் புது நீதிபதி வந்தார். சின்ன வயதுப் பெண், சேலம் பக்கத்து ஊர்க்காரர். காலை பத்தரை என்றால் பத்தரைக்கு நாற்காலியில் இருப்பார். செத்தவர்கள் வருவதைப் பற்றி முன்பிருந்தவர் விட்டுப்போன குறிப்பை ஒரு முறை வாசித்தார், செத்தவர்களுக்கு ஆறு நாற்காலி போடச் சொன்னார், கக்கூஸ் பூட்டை உடைக்கச் சொன்னார். ஊருக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் அடுத்த வாரமே அவர் பழைய கட்டுகளைத் தூசு தட்டி எடுத்துவைத்து, பத்து வருடத்துக்கு மேற்பட்ட வழக்குகள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் முடிந்தாக வேண்டும் என்றதும், டீக்கடையில் அவரை விரும்ப ஆளில்லாமல் போயிற்று. மேசை மேல் முதல் கட்டாக இருந்தது உலகம்மாளின் வழக்கு.

"ரெண்டு வழிதான் இருக்கு" என்றார் நீதிபதி. "ரெண்டு தரப்பும் சமரசம் பேசறோம்னு எழுதிக் கொடுத்தா ஆறு மாசம் வாய்தா தர்றேன். இல்லைன்னா அடுத்த வாய்தாவுல பிரதிவாதி கூண்டேறணும், அன்னைக்கே விசாரணையை முடிச்சிடுவேன். யோசிச்சுட்டு வாங்க."

சமரசம் என்றால் சத்தியமும் இல்லை, கூண்டும் இல்லை, கேள்வியும் இல்லை. ஆறுமுகநயினார் வழக்கம்போல் வருவார், நிற்பார், போவார். ஆறு மாதம் முடிந்தால் இன்னொரு ஆறு மாதம் கேட்கலாம். சொர்ணத்தின் தரப்பில் சமரச மனு அன்றைக்கே தயாரானது. உலகம்மாள் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் நண்பகலில் கோர்ட் வராந்தாவில் சொர்ணம் பெஞ்சின் தன் நுனியிலிருந்து எழுந்து, ஆணியைத் தாண்டி, உலகம்மாளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மைனி."

உலகம்மாள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கூண்டுல ஏத்தாதிய மைனி. கேட்டா முடிஞ்சிரும். பொறவு அவுக வரமாட்டாவ."

"வந்து என்ன செய்தான்? மரம் மாதிரி நிக்கான்."

"நின்னா போதும் எனக்கு. மூணு மாசத்துக்கொருக்க கால் மணி நேரம். முதுகப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். வீட்டுல என்னத்தப் பாக்க?"

"உனக்குப் பாத்தாப் போதும். எனக்கு அவன் வாயால சொல்லணும், சொர்ணம். நான் எங்கய்யாவுக்குப் பொறந்தவளா இல்லையான்னு அவன் சொல்லணும். பதினேழு வருசமா தொண்டைல முள்ளு மாதிரி நிக்கி. நான் செத்தா தாள மறைச்சு வச்சு என்னய வரவழைக்க எனக்கு ஆளு கெடையாது. நான் எப்பக் கேக்க?"

"படிக்காமத்தான் மைனி கையெழுத்துப் போட்டிருப்பாவ."

"பொண்டாட்டி சொல்லி நான் நம்பணுமோ?"

சொர்ணம் சேலை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி ஆணியைத் தாண்டித் தன் இடத்துக்குப் போனாள். சமரச மனு கையெழுத்தில்லாமல் திரும்பியது. ஊர் முழுக்க உலகம்மாளைத் திட்டியது. தகரப் பெட்டியில்கூட அவளைத் திட்டி இரண்டு சீட்டு விழுந்தது. கூண்டேற்றுகிற பழக்கம் தொடங்கிவிட்டால் எல்லா வழக்கும் வரிசையாக முடிந்துபோகும் என்பது அவர்கள் கவலை. அவர்கள் கவலையிலும் தப்பில்லை.

டிசம்பர் ஒன்பதாம் தேதி சவரிமுத்து வாசற்படிக்கு வந்து, உள்ளே இடமில்லாமல் ஜன்னல் கம்பிகளில் தொங்கிய முகங்களைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்து மூன்று முறை கூப்பிட்டார். ஆறுமுகநயினார் வந்தார், இல்லாத செருப்பைக் கழற்றினார், கூண்டில் ஏறினார். கடவுள் அறியச் சொல்வதெல்லாம் உண்மை என்று சவரிமுத்து சொல்லச் சொல்ல, உதட்டை மட்டும் அசைத்தார். ஜெபராஜ் எழுந்தார். வீட்டைப் பற்றி, வரியைப் பற்றி, பட்டாவைப் பற்றிக் கேட்க அவரிடம் நாற்பது கேள்வி இருந்தது. ஆனால் உலகம்மாள் ஒன்றைத்தான் கேட்க வேண்டுமென்று சொல்லியிருந்தாள்.

"வாதி உலகம்மாள் உங்களுக்கு என்ன உறவு?"

ஆறுமுகநயினார் வாயைத் திறந்தார். "அ" என்றார். திறந்த வாய் திறந்தபடி நின்றது. தொண்டை எலும்பு ஏறி இறங்கியது. "அ... அ..." என்றார். மின்விசிறி சுற்றியது. டைப்பிஸ்ட் விரல்களைச் சாவிகளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு நிமிடம் போயிற்று. கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. செத்தவர்களுக்கு வியர்க்கும் என்பதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"பதில் சொல்லுங்க" என்றார் நீதிபதி. இன்னொரு நிமிடம் பார்த்துவிட்டு டைப்பிஸ்ட்டின் பக்கம் திரும்பினார். "சாட்சி பதில் சொல்லவில்லை..." என்று சொல்லத் தொடங்கினார்.

உலகம்மாள் அந்தத் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவளுக்குத் தெரியும். ஐம்பத்தைந்து வருடத்துக்கு முன்னால், ஒரே கூரைக்கு அடியில் ஐந்து வகுப்பும் நடந்த பள்ளிக்கூடத்தில், வாத்தியார் ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்து ஆறுமுகநயினார் என்று கூப்பிடும்போது அந்த வாய் இப்படித்தான் திறந்து நிற்கும். முதல் எழுத்தைத் தாண்டி எதுவும் வராது. பையன்கள் சிரிப்பார்கள். மூன்றாம் வகுப்பு வரிசையிலிருந்து அவள் எழுந்து, "உள்ளேன் ஐயா" என்பாள். வாத்தியாரும் முதலில் அதட்டிப் பார்த்துவிட்டு, பிறகு அவள் குரலுக்கே டிக் அடிக்கப் பழகிவிட்டார். மூன்று வருடம் அவனுக்கு அவள்தான் ஆஜர் சொன்னாள்.

அவள் எழுந்தாள்.

"அக்காம்மா" என்று நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள். "அக்கான்னு சொல்லுதான்."

கோர்ட் முழுக்கத் திரும்பியது. ஜெபராஜ் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"உட்காருங்க" என்றார் நீதிபதி. "சாட்சிக்குப் பதிலா நீங்க சொல்லக் கூடாது. நீங்க சொல்றதை எழுதிக்க முடியாது."

"அவனுக்கு வராதும்மா. சின்னப் புள்ளையிலருந்தே அவனுக்கு மொத எழுத்தத் தாண்டி வராது. நாந்தாம்மா சொல்லணும். சிரிச்சிருவாங்கன்னு பயப்படுவான்."

நீதிபதி அவளைப் பார்த்தார், கூண்டில் நிற்பவரைப் பார்த்தார். "அவங்க சொல்றது சரியா?" என்று கேட்டார்.

ஆறுமுகநயினார் வாயை மூடினார். தலையை மேலும் கீழும் ஆட்டினார். ஒரு முறை ஆட்டினால் போதும், அவர் ஐந்தாறு முறை ஆட்டினார்.

'சாட்சி ஆம் என்று தலையசைக்கிறார்' என்று டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. அத்துடன் விசாரணை முடிந்தது. கூண்டிலிருந்து இறங்கிப் போகும்போது அவர் அக்காளின் பக்கம் திரும்பவில்லை. துணி நுனி தரையில் இழுபட்டுக்கொண்டு போனது. சொர்ணம் வராந்தாத் தூண் வரை பின்னாலேயே ஓடிப்போய் நின்று, அவர் மதில் திரும்பும் வரை பார்த்துவிட்டு, உலகம்மாளிடம் வந்தாள்.

"கடைசில அந்த வார்த்தைய நீங்களேதான் சொல்லிக்கிட்டிய மைனி. அதுக்கா எங்கிட்டருந்து அவுகளப் பறிச்சிய?"

உலகம்மாள் தன் கையைப் பார்த்தாள். கேட்க வந்ததைக் கேட்காமலே தானே சொல்லிவிட்டு வந்த வெறுங்கை அது. வேறு எப்படியும் செய்திருக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. முள் போனதா இல்லையா என்று எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். அவளால் சொல்ல முடியவில்லை.

பத்தொன்பதாம் தேதி தீர்ப்பு வந்தது. பிரதிவாதியின் தலையசைப்பே போதுமான ஒப்புதல் என்றும், வாதிக்கு வீட்டில் பாதி சேரும் என்றும் எழுதியிருந்தார்கள். உலகம்மாள் ஜெயித்தாள். அவள் பாதி வீட்டைப் பிரிக்கவும் போகவில்லை, பார்க்கவும் போகவில்லை. அதன் பிறகு சவரிமுத்து பட்டியலைக் கூப்பிடும்போது ஆறுமுகநயினார் பெயர் வர வேண்டிய இடத்தில் வேறொரு பெயர் வந்தது. பெஞ்சின் இரண்டு நுனியிலும் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். வாய்தா இல்லாத அந்தப் பொங்கல் சொர்ணத்துக்கும் உலகம்மாளுக்கும் ஒரே மாதிரிதான் போனது என்று, இரண்டு வீட்டுக்கும் பால் ஊற்றுகிறவர் சொன்னார்.

கீழ்க் கோர்ட் தீர்ப்பு பிடிக்காதவர் சப் கோர்ட்டில் அப்பீல் செய்ய முப்பது நாள் உண்டு. ஜெயித்தவர் அப்பீல் செய்ய முடியாது. தோற்றவர்தான் செய்ய வேண்டும். தோற்றவர் செத்துப்போயிருந்தார். ஆகவே அதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. இருபத்தொன்பதாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குக் கோமதிநாயகம் ஆபீஸில் தனியாக உட்கார்ந்து முத்திரைத்தாள் எண்ணிக்கொண்டிருந்தபோது, வாசலில் யாரோ செருப்பைக் கழற்றக் காலை உதறுவது தெரிந்தது. யாரும் கூப்பிடாமல் ஒரு செத்தவர் வந்தது சாத்தங்கிணற்றில் அதுவே முதல் தடவை. ஆறுமுகநயினார் உள்ளே வந்து கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். தீர்ப்பு நகலை விரலால் தொட்டுக் காட்டி, கையை மேலே, சப் கோர்ட் இருக்கும் வடக்குத் திசையில் தூக்கினார்.

"அப்பீலா?" என்றார் கோமதிநாயகம். தலை ஆடியது.

"முழு வீடும் வேணும்னு போடவா?" தலை அக்கறையில்லாமல் ஆடியது.

வக்காலத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, பழைய கட்டைப் பார்த்து எதிர்தரப்பின் பெயரை எப்போதும்போல் டைப் அடித்தார். ஆறுமுகநயினார் எழுந்து வந்து மெஷினுக்கு மேலே குனிந்து வாசித்தார். ஒவ்வொரு வரியாக வாசித்தார். ஒரு வரியின் மேல் விரலை வைத்து, இல்லை என்று தலையாட்டினார். வாயைத் திறந்தார். கோமதிநாயகம் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு சொல்லுக்கு அரை மணி நேரம். அது என்ன சொல் என்று டீக்கடையில் கேட்டவர்களிடம், கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்வது தொழிலுக்கு அழகில்லை என்று மட்டும் சொல்லிவிட்டார்.

செத்தவனுக்கு வீடு எதற்கு என்று இரண்டு நாள் டீக்கடையில் பேசினார்கள். மூன்றாம் நாள், சப் கோர்ட்டில் ஒரு வழக்கு குறைந்தது பன்னிரண்டு வருடம் ஓடும் என்று ஒருவர் கணக்குச் சொன்னதும் எல்லோருக்கும் விளங்கியது.  தகரப் பெட்டியில் அந்த வாரம் ஒரு சீட்டுக்கூட விழவில்லை.

மாசி மாதம் முதல் வாரத்தில், காலைப் பத்து மணிக்கு, சப் கோர்ட் அமீனா நோட்டீஸோடு உலகம்மாளின் தெருவுக்கு வந்தார். அவர் வெளியூர்க்காரர், வீடு தெரியாது. வழிகாட்டிக்கொண்டு முன்னால் வந்தவள் சொர்ணம். பதினேழு வருடத்தில் அவள் அந்தத் தெருவுக்குள் வருவது அதுவே முதல் முறை. வாசல் வரை வந்துவிட்டு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நடையில் நின்றாள். உலகம்மாள் முற்றத்தில் சுளகை மடியில் வைத்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அமீனா நோட்டீஸைப் பிரித்து, எதிர்மனுதாரர் என்று போட்டிருந்த வரியைத் தேடி, அதில் இருந்தது இருந்தபடியே உரக்க வாசித்தார்.

"பொன்னையா மகள் உலகம்மாள்."

உலகம்மாள் தலையைத் தூக்கினாள். கேட்டதை நம்பாதவள்போல் சொர்ணத்தைப் பார்த்தாள். சொர்ணம் ஆமாம் என்று தலையாட்டினாள். அவளுக்குக் காது கேட்கவில்லையோ என்று அமீனாவுக்குத் தோன்றியது. அவர் இன்னொரு முறை வாசித்தார். "பொன்னையா மகள் உலகம்மாள் யாரு?" என்று மூன்றாவது முறையும் கேட்டார்.

அவள் மடியிலிருந்த சுளகை இறக்கிவைத்தாள். சேலையை உதறிக்கொண்டு, மூன்றாம் வகுப்பு வரிசையில் எழுந்து நிற்பதுபோல் நேராக எழுந்து நின்றாள்.

"உள்ளேன் ஐயா" என்றாள்.